பட்டறைப் பக்கம்: பிக்கப்புக்கு இன்னும் எத்தனை ஃபில்டர்?

கோத்தகிரியில் முப்பத்தோரு வருடமாகப் பட்டறை நடத்தும் மெக்கானிக், மலைப்பாதை வண்டிக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

போன இதழில் ‘பிக்கப் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்’ என்று ஒரு வரி போட்டேன், மாட்டிக்கொண்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கூடுதலாக ஃபில்டரும் கூலரும் மாட்டலாமா என்றே கேட்கின்றன. ஆளாளுக்குப் போனில் யாரோ எதையோ காட்டியிருக்கிறார்கள். ஆறு கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் கேள்வியும் இந்த ஆறில் எங்காவது இருக்கும்.

அண்ணே, 2021 மாடல் பிக்கப் வைத்திருக்கிறேன். வாரத்தில் நாலு ராத்திரி கேரட், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன். திரும்பும்போது உரமூட்டை. அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான், அங்கே பிக்கப்புகளில் தனியாக ஆயில் ஃபில்டர், ஆயில் கூலர், கியர் கூலர், ஸ்டியரிங் ஃபில்டர் எல்லாம் மாட்டியிருப்பதை வீடியோ எடுத்து அனுப்பினான். கோவையில் ஒரு கடையில் கேட்டேன். எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்றார்கள். மாட்டலாமா? – கட்டபெட்டு வாசகர்

தம்பி, மச்சான் காட்டியது பொய்யில்லை. ஆனால் அங்கே பிக்கப் என்று சொல்வது நம் ஊர் பிக்கப்பை அல்ல. ஃபோர்டு, செவர்லே, ராம் என்று அவர்கள் ஓட்டும் பெரிய ரகத்தில் 6.6, 6.7 லிட்டர் டீசல் என்ஜின் உட்கார்ந்திருக்கும். நம் பிக்கப் என்ஜினைப் போல இரண்டரை மடங்கு. பின்னால் குதிரை ஏற்றிய டிரெய்லரோ படகோ சக்கர வீடோ எதையாவது இழுத்துக்கொண்டு மலை ஏறுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர். அதில் கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக டார்க் கன்வர்ட்டர் என்று ஒரு உருளை. மோர் கடைவது போல எண்ணெயைக் கடைந்துதான் அது என்ஜின் சக்தியைக் கியருக்குக் கடத்துகிறது. கடையக் கடையச் சூடு. அதனால் அவர்களுக்குக் கியர் கூலர் தேவை.

உங்கள் வண்டியில் கிளட்சும் கைக் கியரும். அந்தக் கியர் பெட்டியில் எண்ணெய் சும்மா அடியில் கிடந்து பற்சக்கரம் சுற்றும்போது தெறிக்கிறது, அவ்வளவுதான். கூலருக்கு எண்ணெய் அனுப்ப அதில் பம்ப்பே கிடையாது. அதற்கும் சேர்த்து விலை சொன்னார்கள் என்றால், உங்கள் வண்டியைப் பார்க்காமலே பில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது ஆயில் ஃபில்டருக்கு வருவோம். இதுதான் நிறைய பேரை மயக்குகிற சாமான். என்ஜினில் ஏற்கெனவே இருக்கும் ஃபில்டர் டீ வடிகட்டி மாதிரி. பம்ப் தள்ளுகிற எண்ணெய் முழுவதும் அதன் வழியாக ஓடித்தான் பேரிங்குக்குப் போக வேண்டும். ஓட்டம் தடைபடக் கூடாது என்பதால் ரொம்ப நுணுக்கமாக வடிகட்ட அதனால் முடியாது. 20, 30 மைக்ரான் அளவுத் தூசியைத்தான் நம்பிக்கையாகப் பிடிக்கும். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக மாட்டுகிற பைபாஸ் ஃபில்டர் இருக்கிறதே, அது காபி ஃபில்டர். ஓடுகிற எண்ணெயில் பத்தில் ஒரு பங்கை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, இறுக்கமான காகித அடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி, சம்ப்பில், அதாவது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியில், விடும். இரண்டு மூன்று மைக்ரான் தூசிகூட அதில் தங்கிவிடும். டிகாக்‌ஷன் இறங்குகிற மாதிரிதான். அவசரமே கிடையாது. கருத்து சரியானது, நான் குறை சொல்ல மாட்டேன். நீண்ட தூரம் நிற்காமல் ஓடும் லாரி, ஜெனரேட்டர், மண் தோண்டும் இயந்திரம் இவற்றுக்கு அது நன்றாகவே உழைக்கிறது.

நானே மாட்டியிருக்கிறேன். 2009-ல், என் சொந்தப் பிக்கப்பில். எண்ணெய் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு ‘டி’ வடிவ இணைப்பு போட்டு, அங்கிருந்து ஒரு ஹோஸ் ஃபில்டருக்கு, இன்னொரு ஹோஸ் திரும்பச் சம்ப்புக்கு. நாலு மாதம் பெருமையாக ஓட்டினேன். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் ‘பாருங்க எண்ணெய் எவ்வளவு சுத்தம்’ என்று காட்டினேன். ஒரு ஜூன் மாத ராத்திரி, குஞ்சப்பனை தாண்டி லோடோடு ஏறிக்கொண்டிருந்தேன். எண்ணெய் விளக்கு எரிந்தது. பலாப்பழக் காலம், யானை நிற்கிற இடம். கீழே இறங்கி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கப் பயம். இன்னும் இரண்டு வளைவு போய் ஓரங்கட்டலாம் என்று நினைத்தேன். இரண்டாவது வளைவுக்குள் ‘கட கட’ என்று சத்தம், என்ஜின் சீஸ், இறுகி நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் ஹோஸ் சேசிஸ் பிராக்கெட்டில் உரசி உரசி, நகக்கண் அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் பம்ப் சம்ப்பையே காலி செய்துவிட்டது. கிராங்க் கிரைண்டிங், பேரிங் செட், இரண்டு பிஸ்டன், பதினெட்டு நாள் வண்டி படுக்கை. ஃபில்டர் மேல் தப்பில்லை. உரசும் இடத்தில் ரப்பர் உறை போடாத என் மேல்தான் தப்பு. ஆனால் அந்த ஃபில்டர் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஹோஸும் இருந்திருக்காது.

ஆகவே என் பட்டறையில் யாராவது பைபாஸ் கேட்டால் முதலில் ஹோஸைப் பற்றித்தான் பேசுவேன். டீசல் ஹோஸைச் செருகி, கிளிப் போட்டு முறுக்குவது கூடாது. கோவையில் ஹைட்ராலிக் ஹோஸ் அளவெடுத்து இரண்டு முனையிலும் பிரஸ் பண்ணித் தருகிற கடைகள் இருக்கின்றன, அங்கே போய்க் கம்பி வலை உள்ள ஹோஸாக வாங்குங்கள். என்ஜின் பக்க முனையிலேயே ஒரு மில்லிமீட்டர் சொச்சம் துவாரமுள்ள பிளக் இருக்க வேண்டும். அப்போது ஹோஸ் பிய்ந்தாலும் எண்ணெய் ஒரேயடியாகக் கொட்டாது, விளக்கு எரிந்து நீங்கள் நிறுத்தக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அப்புறம் மரை. எட்டில் ஒரு இஞ்ச் பிட்டிங்கில் பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் மரை என்றால் இஞ்சுக்கு 28 மரை, என்.பி.டி. என்கிற அமெரிக்க மரை என்றால் 27. கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. மாற்றிப் போட்டாலும் இரண்டு சுற்று உள்ளே போகும், மூன்றாவது சுற்றில் அலுமினிய ஹவுசிங் விரியும். வெளிநாட்டுக் கிட்டில் பெரும்பாலும் என்.பி.டி.தான் வரும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், ‘இனி எண்ணெய் மாற்றவே வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபில்டர் தூசியைப் பிடிக்கும். எண்ணெயில் கலந்த டீசலைப் பிடிக்காது, தீர்ந்துபோன மருந்துச் சத்தைத் திருப்பித் தராது. டி.பி.எஃப். என்ற புகைக்கரி ஃபில்டர் உள்ள பி.எஸ். 6 மாசு விதி வண்டிகளில், அதில் சேரும் கரியை எரிப்பதற்காக அவ்வப்போது கூடுதலாக டீசல் பீய்ச்சப்படும். அந்த வேலை பாதியில் நின்றால் கொஞ்சம் டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து சம்ப்பில் சேரும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவு கூடியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், நேராகப் பட்டறைக்கு வாருங்கள்.

ஆயில் கூலர் உங்களுக்கு வேண்டாம். பல டீசல் என்ஜின்களில் ஃபில்டர் பக்கத்திலேயே, என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஓடுகிற சின்னக் கூலர் கம்பெனியே வைத்திருக்கிறது. அதற்கும் மேலே முன்னால் ஒன்றைத் தொங்கவிட்டால், ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், கூலர், ரேடியேட்டர் என்று நாலு கட்டு வீடு மாதிரி ஆகிவிடும். கடைசிக் கட்டில் இருக்கும் ரேடியேட்டருக்குச் சூடான காற்றுதான் கிடைக்கும். ஊட்டி உயரத்தில் காற்றே சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு இலேசு, அதையும் பங்கு போடுவானேன்? இன்னொன்று, நீங்கள் ராத்திரி லோடோடு இறங்குகிறீர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டரும் என்ஜினுக்கு வேலையே இல்லை, குளிரில் சும்மா சுழல்கிறது. அந்த நேரத்தில் எண்ணெயை இன்னும் குளிர வைத்து என்ன செய்யப் போகிறோம்?

ஸ்டியரிங் ஃபில்டர்? இதற்குச் சரி என்கிறேன். திரும்பி வரும் ஹோஸில், அதாவது பிரஷர் இல்லாத பக்கம், காந்தம் வைத்த சின்ன ஃபில்டர். விலையும் கொஞ்சம், ஆபத்தும் கொஞ்சம். பவர் ஸ்டியரிங் பம்ப் ஒருமுறை தேய்ந்து மாற்றியிருந்தால் கட்டாயம் போடுங்கள், பழைய இரும்புத் தூள் புதுப் பம்ப்பைத் தின்றுவிடும். கூலர் வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடிக்காமல், ஒரு விரலளவு விட்டுக்கொடுத்தாலே எண்ணெய் கொதிக்காது.

கியர் பெட்டிக்கும் பின் ஹவுசிங்குக்கும் (பின் அச்சின் பற்சக்கரப் பெட்டி) காந்தம் வைத்த டிரெயின் பிளக், அதாவது எண்ணெய் வடிக்கும் அடித் திருகு, போடுங்கள். எண்ணெய் மாற்றும்போது அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். கருப்பு மாவாக இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற சில்லாக இருந்தால் பல் உடைகிறது. 38,000 ரூபாய் வேலையில் எனக்குப் பிடித்தது ஸ்டியரிங் ஃபில்டர், காந்தப் பிளக் என்ற இந்த இரண்டு சின்னச் சாமான்தான், அதில் ஒன்று அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஐயா, என் கணவர் இறந்த பிறகு தோட்டத்தையும் பிக்கப்பையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் பச்சைத் தேயிலையை நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேக்டரிக்குக் கொண்டு போவதுதான் வண்டிக்கு வேலை. ஆயில் ஊற்றும் மூடியில் வெள்ளையாகத் தயிர் மாதிரி படிந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, கேஸ்கெட் மாற்றி ஆயில் கூலரும் போட வேண்டும் என்கிறார் டிரைவர். நம்பலாமா? – கீழ்க்கோத்தகிரி வாசகி

அம்மா, பணத்தை எடுக்க வேண்டாம். முதலில் மூன்றைப் பாருங்கள். கூலண்ட் டப்பாவில் அளவு வாரா வாரம் குறைகிறதா? அந்தக் கூலண்டின் மேல் எண்ணெய் மிதக்கிறதா? டிப்ஸ்டிக்கை உருவினால் அந்த எண்ணெயும் காபி நிறத்தில் நுரைத்திருக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், எண்ணெயும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் அந்தக் கேஸ்கெட் நன்றாகத்தான் இருக்கிறது. மூடியில் இருப்பது வெறும் பனி.

எரிந்த டீசலில் நீராவி உண்டு. அதில் கொஞ்சம் சம்ப்புக்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடேறி, எண்ணெய் 80, 90 டிகிரியில் அரை மணி நேரமாவது இருந்தால் அது ஆவியாகி வெளியே போய்விடும். நாலு கிலோமீட்டரில், அதுவும் மார்கழிக் குளிரில், எண்ணெய் வெதுவெதுப்பாகக்கூட ஆகியிருக்காது, அதற்குள் பேக்டரி கேட் வந்துவிடும். நீராவி மேலே ஏறிக் குளிர்ந்த மூடியில் பட்டு, எண்ணெயோடு கலந்து தயிராகிறது. எண்ணெய் சூடாகாததால் வந்த நோய்க்கு ஆயில் கூலர் மருந்தா? சளி பிடித்தவருக்கு ஐஸ் மோர் கொடுப்பது போல.

வாரம் ஒருமுறை ஏதாவது வேலையாகக் கோத்தகிரி வரை வண்டியை விடுங்கள், ஒரு மணி நேரம் ஓடட்டும். எண்ணெயைக் கிலோமீட்டர் பார்த்து மாற்றாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். என்ஜின் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை யாராவது முன்பு கழற்றிவிட்டார்களா என்று டிரைவரிடம் கேளுங்கள். ‘மலை வண்டிக்கு அது வேண்டாம்’ என்று கழற்றிப் போடும் பழக்கம் இங்கே உண்டு. கழற்றியிருந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். டிரைவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், வெள்ளையைப் பார்த்தால் கேஸ்கெட் என்று சொல்லித்தான் எங்களுக்கும் தொழில் பழக்கினார்கள்.

பூண்டு லோடு ஏற்றும் பிக்கப். டீசலுக்குக் கொடைக்கானல் வரை போய்வர வேண்டியிருப்பதால் வீட்டில் ஒரு பேரலில் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு வருடத்தில் இரண்டு இன்ஜெக்டர் போய்விட்டது. கூடுதலாக டீசல் ஃபில்டர் மாட்டினால் நிற்குமா? – பூம்பாறை வாசகர்

நிற்கும். இந்த ஆறு கடிதங்களில், கூடுதல் ஃபில்டர் மாட்டியே ஆக வேண்டும் என்று நான் சொல்வது உங்களுக்கு மட்டும்தான். ஆனால் குற்றவாளி அந்தப் பேரல்.

பகலில் வெயில் பட்டுப் பேரல் சூடாகிறது, உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. ராத்திரி பூம்பாறைக் குளிரில் சுருங்கி, வெளியே இருக்கும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஈரம் தகரத்தில் வியர்த்துக் கீழே இறங்குகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் போய் உட்கார்ந்துவிடும். பாதி காலியான பேரலில் இந்த வேலை இரட்டிப்பாக நடக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வழுவழுவென்று பாசி மாதிரி ஒன்று வளரும், பேரலை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் அடியிலிருந்து பம்ப் அடித்து நிரப்புகிறீர்கள் என்றால் முதலில் வருவதே அதுதான்.

பழைய என்ஜின்கள் இதையும் குடித்துவிட்டு இருமிக்கொண்டு ஓடும். இப்போதைய காமன் ரெயில் என்ஜின் அப்படியில்லை. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான அதன் குழாயில் டீசல் 1,000 பாருக்கு மேல் (காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு) அழுத்தத்தில் நிற்கிறது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் பாகங்களின் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். அந்த இடத்தில் மசகாக இருப்பதும் டீசலேதான். தண்ணீருக்கு அந்த வழவழப்பு கிடையாது, உலோகம் உலோகத்தில் தேயும், துருவும் பிடிக்கும்.

டேங்குக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவில், அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வாட்டர் செப்பரேட்டர் ஒன்று மாட்டுங்கள். கம்பெனி ஃபில்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடச் சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனிக் கோடாகப் பிரிந்து நின்றால் அது தண்ணீர். மாட்டிய பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தால் செப்பரேட்டர் மேல் பழி போட வேண்டாம். அந்த ஹோஸில் பம்ப் உறிஞ்சுகிறது என்றால், இணைப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரமில்லையே என்று ஏமாந்துபோன மெக்கானிக்குகள் நிறைய. ஃபில்டர் மாற்றும்போது புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கத்தையும் விடுங்கள். ஊற்றுகிற டீசல் வடிகட்டாத டீசல். மேலே இருக்கும் கைப் பம்ப்பை அமுக்கியே நிரப்ப வேண்டும்.

பேரலை நிழலில் வையுங்கள், லேசாகச் சாய்த்து. உறிஞ்சு குழாய் அடியிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கட்டும். அடியில் தங்குவதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடித்து எடுத்துவிடுங்கள். டாஷ்போர்டில் சொட்டு போட்ட விளக்கு எரிந்தால் வண்டியை வீடு வரை ஓட்டாதீர்கள், அங்கேயே வடியுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப் வாங்கியிருக்கிறேன். வத்தலகுண்டிலிருந்து கட்டடச் சாமான் ஏற்றி வருகிறேன். இதற்காவது கியர் கூலர் தேவையா? – பெருமாள்மலை வாசகர்

தேவைப்படலாம். முதலில் அளந்து பாருங்கள். வண்டியின் கம்ப்யூட்டரைச் சோதிக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி வாங்கி, பல வண்டிகளில் கியர் எண்ணெயின் சூட்டைப் போனிலேயே பார்க்கலாம். லோடோடு ஏறும்போது 80-லிருந்து 100 டிகிரிக்குள் நின்றால் கூலர் தண்டச் செலவு. 120-ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது என்றால் மாட்டுங்கள். ஆட்டோமேட்டிக் எண்ணெய்க்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: 80 டிகிரிக்கு மேலே ஒவ்வொரு பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் பாதியாகும். 120-ல் ஓடுகிற எண்ணெய் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

மாட்டும்போது, ரேடியேட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் கூலரைத் துண்டித்துவிடாதீர்கள். எண்ணெய் அதன் வழியாகப் போய், அப்புறம் புதுக் கூலருக்குப் போய், அதன் பிறகு கியர் பெட்டிக்குத் திரும்பட்டும். குளிர்காலக் காலையில் எண்ணெயைச் சீக்கிரம் சூடாக்குவதும் அந்த ரேடியேட்டர்தான். தெர்மோஸ்டாட் வால்வு உள்ள கூலராக வாங்குங்கள். கூலரை ரேடியேட்டர் ஃபின்னுக்குள் பிளாஸ்டிக் நரம்பு குத்திக் கட்டுவார்கள், ஒரே வருடத்தில் அது ரேடியேட்டரைத் துளைத்துவிடும். தனிப் பிராக்கெட் அடித்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இதெல்லாம் செய்யும் முன் ஒரு பழக்கத்தை மாற்றிப் பாருங்கள். ஏற்றத்தில் லீவரை ‘டி’யில் (டிரைவ்) விட்டு ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருந்தால், கியர் எதில் நிற்பது என்று தெரியாமல் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும், கன்வர்ட்டர் கடைந்துகொண்டே இருக்கும். மேனுவல் பக்கம் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ நிறுத்தி ஏறுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு இதிலேயே பதினைந்து டிகிரி இறங்கியது, கூலர் வாங்க வைத்திருந்த காசில் டயர் மாற்றினார். எண்ணெய் ‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்.

கல்லட்டி மலைப்பாதையில் லோடோடு இறங்கும்போது பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போய்விட்டது. கியரை இறக்கி, கரையில் உரசி எப்படியோ நிறுத்தினேன். ஆறிய பிறகு பெடல் பழையபடி வந்துவிட்டது. மெக்கானிக் எதுவும் பழுதில்லை என்கிறார். பிரேக் ஆயிலுக்குக் கூலர் இருக்கிறதா? – மசினகுடி வாசகர்

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். பிரேக் ஆயிலுக்குக் கூலர் கடையில் கிடைக்காது. உங்கள் கூலர் கியர் லீவர்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வண்டியும் லோடுமாக 3 டன் என்று வைப்போம். 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அந்த எடை விட்டுவிட்டு வரும் சக்தி 85 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். கல்யாண வீட்டு அண்டா ஒன்றை அடுப்பில் ஏற்றின மாதிரி. மூன்று, நாலில் விட்டுப் பிரேக்கிலேயே இறங்கினால், அந்த அண்டா நெருப்பில் பெரும்பங்கு நாலு சக்கரத்துக்குள் போகிறது. முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்கினால் என்ஜின் அதில் நல்ல பங்கை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். அங்கே 36 கொண்டை ஊசி வளைவுக்கும் சின்னக் கியரில் வா என்று பலகை வைத்திருப்பது அழகுக்கு இல்லை.

மெக்கானிக்குக்குப் பழுது தெரியாததற்குக் காரணம் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பிரேக் ஆயிலின் ரகத்தை டாட் எண்ணால் சொல்வார்கள். டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. சக்கரத்துச் சூடு அந்த அளவைத் தொட்டால் ஆயில் கொதித்துக் குமிழி விடும். ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், குமிழியை அழுத்தினால் குமிழிதான் நசுங்கும். பெடல் அடிவரை போகும். ஆறினால் குமிழி மறைந்துவிடும், பெடல் திரும்பி வரும், பட்டறையில் எல்லாம் சரியாக இருக்கும். அடுத்த லோடில் மறுபடி நடக்கும்.

இன்றே பழைய ஆயில் முழுவதையும் நாலு சக்கரத்திலும் வெளியேற்றிவிட்டு, மூடி திறக்காத புது டப்பாவிலிருந்து டாட் 4 ஊற்றச் சொல்லுங்கள். வண்டிப் புத்தகத்தில் டாட் 3 என்று போட்டிருந்தாலும் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கோன், வேறு சாதி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வீல் சிலிண்டர், லைனிங், டிரம் எல்லாம் திறந்து பார்க்கட்டும். அளவுக்கு மேல் சூடேறிய லைனிங் கண்ணாடி மாதிரி பளபளக்கும், அது பிடிக்காது, மாற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள், என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இந்த மலையில் இன்னமும் இருக்கிறார்கள். அணைத்தால், பெடலுக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் கிடையாது, ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். பிரேக் கருகும் வாசனை வந்தாலே ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்காருங்கள்.

ஓடைத் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறேன், மலைத் தண்ணீர் சுத்தமானதுதானே. கூலண்ட் ஃபில்டர் மாட்டினால் போதுமா? – கேத்தி வாசகர்

போதாது. ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பையும், அதனால் பிடிக்கும் துருவையும் என்ன செய்யும்? கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, கொதிநிலையை உயர்த்தும் சரக்கும் இருக்கிறது. ஊட்டி உயரத்தில் வெறும் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதை மறக்காதீர்கள். அதைத் தாங்கிப் பிடிப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான், அந்த மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் கதை முடிந்தது. ஒருமுறை முழுவதும் வடித்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு தடவை அலசி, பாதிக்குப் பாதி கூலண்ட் ஊற்றுங்கள், மூடியையும் மாற்றுங்கள். ஓடைத் தண்ணீர் கேரட் கழுவ இருக்கட்டும்.